ஜிம் கிரே: கணினி ஏன் நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தவர்

போன வருஷம் எங்கள் துறை சிம்போசியத்துக்கு ஆன்லைன் ரெஜிஸ்ட்ரேஷன் வேலையை நானும் இரண்டு நண்பர்களும்தான் பார்த்தோம். ஒரு சர்வர், அதற்கு ஒரு மிரர். இங்கே ஒரு வரி எழுதினால் அடுத்த நொடி அங்கேயும் இருக்கும். ரொம்பப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்னால், இரவு பதினொன்றரை மணிக்கு, டெஸ்ட்டுக்காகப் போட்டு வைத்திருந்த போலிப் பெயர்களை நீக்கலாம் என்று ஒரு டெலீட் கட்டளை கொடுத்தேன். நிபந்தனை எழுத மறந்துவிட்டேன். மொத்தப் பட்டியலும் போச்சு. சரி, மிரர் இருக்கே என்று அங்கே போய்ப் பார்த்தால் அதுவும் காலி. மிரர் மீது தப்பே இல்லை. நான் செய்ததை அப்படியே செய்வதுதான் அதன் வேலை, செய்துவிட்டது. பணம் கட்டியவர்களின் மெயில்களை வைத்து விடிய விடியப் பட்டியலை மறுபடி தயாரித்தோம்.

இந்தக் கூத்து நமக்கு மட்டும்தான் நடக்குமா, பெரிய ஆட்களுக்கும் நடக்குமா என்று தேடிப் படித்தபோதுதான் ஜிம் கிரே என்ற மனிதரிடம் போய்ச் சேர்ந்தேன். டி.பி.எம்.எஸ். பாடத்தில் ட்ரான்ஸாக்‌ஷன், லாக்கிங், டூ ஃபேஸ் கமிட் என்று ஒரு யூனிட் வருமே, பரீட்சைக்கு முந்தின நாள் மனப்பாடம் செய்துவிட்டு நீங்களும் மறந்திருப்பீர்கள். அந்த யூனிட்டின் பெரும்பகுதி இவரும் இவருடைய கூட்டாளிகளும் போட்ட பாதை.

1944 ஜனவரி 12 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தார். அப்பா அமெரிக்க ராணுவத்தில் இருந்ததால் கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ரோமுக்குப் போனது. ஆங்கிலத்துக்கு முன்னால் இத்தாலிய மொழிதான் பேசினாராம். பிறகு வர்ஜீனியா. பெற்றோர் பிரிந்தபின், ஆசிரியையாக இருந்த அம்மாவோடு மறுபடி சான் ஃபிரான்சிஸ்கோ. விமானப்படை அகாடமியில் சேர ஆசைப்பட்டார், கிடைக்கவில்லை. 1961இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கெமிஸ்ட்ரி மார்க்கைப் பார்த்து மனசு விட்டுப்போய் ஆறு மாசம் படிப்பையே விட்டுவிட்டுப் போனவர் இவர் என்பதை நம்மில் சிலருக்காக இங்கே பதிவு செய்கிறேன். திரும்பி வந்து 1966இல் டிகிரி முடித்தார். நடுவில் பெல் லேப்ஸில் கொஞ்ச காலம். 1969இல் பிஎச்.டி. பெர்க்லியின் கணினி அறிவியல் துறை கொடுத்த முதல் பிஎச்.டி. அதுதான்.

அடுத்து ஐ.பி.எம். 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சான் ஹொசே ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். எட்கர் காட் 1970இல் ரிலேஷனல் மாடலைக் காகிதத்தில் எழுதியிருந்தார். அது உண்மையில் ஓடுமா என்று கட்டிப் பார்க்க ஐ.பி.எம். ஒரு குழு போட்டது. அதன் பெயர் சிஸ்டம் ஆர். எஸ்.க்யூ.எல். மொழி பிறந்தது அந்தக் குழுவில்தான். கிரே எடுத்துக்கொண்டது கொஞ்சம் கீழ்த்தளத்து வேலை. ஒரே நேரத்தில் நூறு பேர் ஒரே டேட்டாவைத் தொட்டால் என்ன ஆகும்? நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும்? யாரும் டெமோவில் காட்டாத பகுதி இது.

நீங்கள் நண்பனுக்கு 500 ரூபாய் அனுப்புகிறீர்கள் என்று வைச்சுக்கோங்க. உங்கள் கணக்கில் 500 குறைந்துவிட்டது, அவன் கணக்கில் ஏறும் முன் மெஷின் செத்துவிட்டது. அந்த 500 எங்கே? கிரேவும் அவரோடு இருந்தவர்களும் வகுத்த வழி இது. டேட்டாவைத் தொடும் முன், என்ன செய்யப் போகிறோம் என்பதை ஒரு லாக்கில் எழுதிவிடு. பழைய மதிப்பு என்ன, புதிய மதிப்பு என்ன, இரண்டும் அதில் இருக்கட்டும். மெஷின் எழுந்ததும் லாக்கைப் படிக்கும். கமிட் ஆன வேலை டிஸ்க்குக்குப் போகாமல் இருந்தால் மறுபடி செய்யும். பாதியில் நின்ற வேலையைத் திருப்பிவிடும். இதில் அவர்கள் வற்புறுத்திய ஒரு நுணுக்கத்தை நான் படிக்கும்போது கவனிக்கவே இல்லை. மீட்பு வேலை நடக்கும்போதே மறுபடி கரண்ட் போகலாம். அதனால் மீட்பு எத்தனை முறை பாதியில் அறுந்து, எத்தனை முறை தொடங்கினாலும் கடைசியில் ஒரே விடை வர வேண்டும். உங்கள் டேட்டாபேஸ் ப்ராஜெக்ட்டில் மீட்பு நடக்கும்போது இன்னொரு தடவை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் பார்த்ததில்லை.

சிஸ்டம் ஆரில் லாக்கோடு ஷேடோ பேஜ் என்ற இன்னொரு முறையையும் சேர்த்துத்தான் கட்டினார்கள். 1981இல் வெளியிட்ட கட்டுரையில், லாக் மட்டுமே போதுமாக இருந்திருக்கும் என்று அவர்களே எழுதிவிட்டார்கள். தான் கட்டியதைப் பற்றித் தானே இப்படி எழுதுகிற பழக்கம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

பல மெஷின்கள் சேர்ந்து ஒரு வேலையைக் கமிட் செய்யும் டூ ஃபேஸ் கமிட்டை அவர் சர்ச் கல்யாணத்தோடு ஒப்பிட்டுச் சொல்வார். பாதிரியார் மணமகனைக் கேட்கிறார், மணமகளைக் கேட்கிறார், இருவரும் சரி என்ற பிறகே கல்யாணம் ஆனதாக அறிவிக்கிறார். ஒருவர் மறுத்தாலும் கல்யாணம் இல்லை. நம்ம ஊர்க் கணக்கில், இரண்டு வீட்டுச் சம்மதமும் வராமல் கெட்டிமேளம் கிடையாது.

1980இல் ஐ.பி.எம்.மை விட்டு டேண்டம் என்ற நிறுவனத்துக்குப் போனார். நம் கதைக்கு முக்கியமான பத்து வருஷம் இதுதான். டேண்டம் நிற்காத கணினிகளை விற்றது. வங்கிகளும் பங்குச்சந்தைகளும்தான் வாடிக்கையாளர்கள். எல்லாமே ஜோடி. இரண்டு ப்ராஸசர், இரண்டு பவர் சப்ளை, ஒரே டேட்டாவை எழுதும் இரண்டு டிஸ்க். மென்பொருளில்கூட, ஒரு ப்ராஸஸ் ஓடும்போது அதன் ஜோடி வேறொரு ப்ராஸசரில் தயாராகக் காத்திருக்கும்.

மிரர் எவ்வளவு பலம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரியாக 10,000 மணி நேரத்துக்கு ஒருமுறை கெடும் டிஸ்க் ஒன்று. ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். கெட்டால் மாற்ற 24 மணி நேரம். இப்படி இரண்டைச் சேர்த்து மிரர் ஆக்கினால், இரண்டும் ஒரேசமயம் கெட்டுக் கிடக்கும் நிலைக்குச் சராசரியாக எவ்வளவு காலம் ஆகும்? 10,000ஐ வர்க்கம் செய்து, 24இன் இரண்டு மடங்கால் வகுங்கள். 20 லட்சம் மணி நேரத்துக்கு மேல் வரும். சுமார் 237 வருஷம்! இந்த எண்ணைப் பார்த்தால் யாருக்கும் தூக்கம் நன்றாக வரும்.

ஆனாலும் வாடிக்கையாளர்களின் சிஸ்டம்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. அப்போ ஏன் நிற்கிறது? கிரே ஊகித்துக்கொண்டு இருக்கவில்லை, எண்ணினார். 2,000க்கும் மேற்பட்ட டேண்டம் சிஸ்டம்களிலிருந்து ஏழு மாதத்தில் வந்த 166 நிறுத்தங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன என்று வகைப்படுத்தி 1985இல் ஒரு அறிக்கையாக வெளியிட்டார். ஹார்டுவேர் காரணமாக நின்றது 18% மட்டும். மென்பொருள் 25%. கரண்ட், ஏ.சி., தொலைத்தொடர்பு போன்ற வெளிக் காரணங்கள் 14%. மீதியில் பெரிய பங்கு, 42%, நிர்வாகம். அதாவது மனிதர்கள். பராமரிக்க வந்தவர் தவறான போர்டைக் கழற்றுவது, ஆபரேட்டர் தவறான கட்டளை கொடுப்பது, கான்ஃபிகரேஷன் கோளாறு. என் டெலீட் எந்தப் பெட்டியில் விழும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மிரர் டிஸ்க் காப்பாற்றுவது ஹார்டுவேர் பெட்டியை. 237 வருஷக் கணக்கு அந்தப் பெட்டிக்குள் மட்டுமே செல்லும். அதுவும், கெட்ட டிஸ்க்கை யாராவது கவனித்து 24 மணி நேரத்தில் மாற்றினால்தான். கெட்டதே தெரியாமல் ஒற்றை டிஸ்க்கில் மூன்று மாசம் ஓடினால் அந்தக் கணக்கும் போச்சு.

மென்பொருள் பிழைகளிலும் அவர் ஒரு அழகான பிரிவு சொன்னார். சில பிழைகள் எத்தனை தடவை ஓடவிட்டாலும் அதே இடத்தில் விழும். அவை போர்பக். இன்னும் சில, நீங்கள் உற்றுப் பார்த்ததும் மறைந்துவிடும். அவை ஹைசன்பக். நம் லேபில் ஸ்டாஃப் வந்து பின்னால் நின்றதும் ப்ரோக்ராம் ஒழுங்காக ஓடுமே, அது. அவர் ஆராய்ந்த 132 மென்பொருள் கோளாறுகளில் ஒன்றே ஒன்றுதான் போர்பக். மீதி எல்லாம் மறுபடி முயன்றால் வராத வகை. அதனால்தான் ஜோடி ப்ராஸஸ் வேலை செய்கிறது. ஒன்று விழுந்த இடத்தில் மற்றது கொஞ்சம் வேறான சூழலில் எழுவதால் தப்பித்துவிடுகிறது.

அந்த அறிக்கையில் எனக்குப் பிடித்த இன்னொரு அறிவுரை உண்டு. ஹார்டுவேர் திருத்தம் வந்தால் தாமதிக்காமல் போடு. மென்பொருள் திருத்தத்தை, அந்தப் பிழை உன்னைத் தொந்தரவு செய்தால் மட்டும் போடு. அப்டேட் பட்டனைக் கண்டால் கை அரிக்கும் நண்பர்கள் கவனிக்கவும். (செக்யூரிட்டி அப்டேட்டை இதில் சேர்க்காதீர்கள், அது 1985.)

சரி, ஒரு கட்டடமே தீப்பிடித்தால்? அல்லது அந்த 42% மனிதர்கள்? அதற்கு அவரும் டேண்டம்காரர்களும் சொன்னது, ஜோடியை ஒரு படி மேலே கொண்டுபோவது. முழு சிஸ்டத்துக்கும் ஒரு ஜோடி, வேறு ஊரில், வேறு மின்சாரத்தில், வேறு ஆபரேட்டர்களோடு. முதன்மை சிஸ்டம் தன் லாக்கை வரிவரியாக அங்கே அனுப்பும். அந்தப் பக்கம் அதைப் படித்துத் தன் பிரதியில் செய்துகொண்டே வரும். டேண்டம் இதை ஆர்.டி.எஃப். என்ற பெயரில் விற்றது. இன்று நீங்கள் எந்தப் பெரிய டேட்டாபேஸில் ஸ்டாண்ட்பை அமைத்தாலும் அடிப்படை இதுதான்.

இங்கே எவ்வளவு பத்திரம் வேண்டும் என்பதற்கு அவர் மூன்று படி வைத்தார். ஒன்-சேஃப் என்றால், இங்கே கமிட் ஆனதும் வாடிக்கையாளருக்குச் சரி சொல்லிவிடுவோம், லாக் பின்னாடி போகும். வேகம் அதிகம், ஆனால் அந்த நொடியில் இந்த ஊர் மூழ்கினால் கடைசிச் சில பரிவர்த்தனைகள் காணாமல் போகும். டூ-சேஃப் என்றால், அந்த ஊர் உயிரோடு இருந்தால் அதுவும் எழுதிக்கொண்டதாகச் சொல்லும்வரை காத்திருப்போம். வெரி-சேஃப் என்றால், அந்த ஊர் கிடைக்கவில்லை என்றால் கமிட்டே இல்லை. எது வேண்டும் என்பதைப் பணத்தையும் பொறுமையையும் வைத்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு லாபத்தையும் அவர் காட்டினார். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். ஒரு பெரிய டேட்டாபேஸை டேப்பிலிருந்து மீட்டுச் சோதிக்க மணிக்கணக்கில் ஆகும், அதனால் யாரும் சோதிப்பதே இல்லை. ஆனால் ஜோடி சிஸ்டம் இருந்தால், மென்பொருள் மாற்ற வேண்டிய ஒவ்வொரு முறையும் வேலையை அந்தப் பக்கம் மாற்றிவிட்டு, இந்தப் பக்கத்தைத் திருத்தி, மறுபடி இந்தப் பக்கம் கொண்டுவரலாம். அதாவது பேரிடர் வந்தால் செய்ய வேண்டிய அதே மாற்றத்தைச் சாதாரண நாளிலேயே செய்துகொண்டிருக்கிறோம். ஒத்திகை தனியாக வேண்டாம், பராமரிப்பே ஒத்திகை. வாடிக்கையாளருக்குத் தெரியும் இடைவெளி, லாக்கில் மிச்சமிருக்கும் கடைசி வரிகள் அந்தப் பக்கம் போய்ச் சேரும் நேரம் மட்டும். 1991இல் டேனியல் சீவியோரெக்கோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் சிஸ்டம்களை ஒன்பதுகளின் எண்ணிக்கையால் வகுப்புப் பிரித்தார். 99.999% என்றால் ஐந்தாம் வகுப்பு. வருஷத்துக்கு ஐந்தே கால் நிமிஷம்தான் நிற்கலாம். இதில் திட்டமிட்ட நிறுத்தமும் அடக்கம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு சிக்கல் மட்டும் தீராது. இரண்டு ஊருக்கும் நடுவில் கேபிள் அறுந்தால், எதிர்ப்பக்கம் செத்துவிட்டதா, இல்லை பேச முடியவில்லையா என்று ஸ்டாண்ட்பைக்குத் தெரியாது. அதுவாக முதன்மை ஆகிவிட்டால் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பணம் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிடும். தூதுவன் வழியில் பிடிபடலாம் என்றால் இரண்டு தளபதிகள் ஒருபோதும் உறுதியாக உடன்பட முடியாது என்ற புதிருக்கு 1978இல் பெயர் வைத்ததே கிரேதான். அதனால் மூன்றாவதாக ஒரு சாட்சி மெஷினோ, பொறுப்பான ஒரு மனிதரோ முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. மிரர்களை இஷ்டத்துக்குக் கூட்டுவதும் உதவாது. எல்லாப் பிரதிகளிலும் எல்லாரும் எழுதலாம் என்று விட்டால், பிரதிகள் பத்து மடங்கு ஆகும்போது டெட்லாக் ஆயிரம் மடங்கு ஆகும் என்று 1996இல் கணக்குப் போட்டுக் காட்டினார்.

டேண்டமுக்குப் பிறகு டிஜிட்டல் நிறுவனம். ஆண்ட்ரியாஸ் ராய்ட்டரோடு சேர்ந்து எழுதிய, ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் ட்ரான்ஸாக்‌ஷன் புத்தகம். 1995இல் மைக்ரோசாஃப்ட். அவர் சான் ஃபிரான்சிஸ்கோவை விட்டு நகர மாட்டேன் என்றதால் அந்த ஊரிலேயே அவருக்கு ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். 1998இல் டூரிங் விருது. அதே வருஷம் டாம் பார்க்லேயோடு சேர்ந்து டெராசர்வரைத் திறந்தார். வானத்திலிருந்து எடுத்த பூமியின் படங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய, ஒரு டெராபைட்டைத் தாண்டிய டேட்டாபேஸ். கூட்டம் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு. அதைப் பல வருஷம் ஓட்டி, எது எப்போது ஏன் நின்றது என்று அதையும் எழுதி வைத்தார்கள். அப்போதைய நெட்வொர்க்கில் இவ்வளவு டேட்டாவை அனுப்ப முடியாது. 10 மெகாபிட் இணைப்பில் ஒரு டெராபைட் போக ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். கிரே டிஸ்க்குகளை, சில சமயம் முழுக் கணினியையே, பெட்டியில் கட்டி கூரியரில் அனுப்பினார். பெரிய மிரரை முதன்முதலில் நிறுவ இன்றைக்கும் நல்ல வழி அதுதான். டிஸ்க்கை அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்வதற்குள் நடந்ததை மட்டும் லாக்கில் அனுப்பினால் போதும்.

எங்கள் கதைக்குக் கொஞ்சம் வருகிறேன். இந்த வருஷமும் அதே இரண்டு மெஷின்கள். இந்த முறை தினமும் ஒரு முழு நகலும், அதற்குப் பிந்தைய லாக்கும் தனியாக. யாராவது பதினொன்றரைக்கு அழித்தால், நகலை ஏற்றி லாக்கைப் பதினொன்று இருபத்தொன்பது வரை மட்டும் ஓட்டலாம். ஸ்டாண்ட்பை பக்கமாக ஒரு பிரதியைப் பிரித்து, தனி நெட்வொர்க்கில் திறந்து, வரிசை எண்ணிக்கையை ஒப்பிட்டுவிட்டுத் தூக்கிப் போட்டோம். முதன்மை சர்வருக்கு அது தெரியவே தெரியாது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நிஜமாகவே மாற்றினோம். ஒரு நிமிஷம் ஆகும் என்று நினைத்தது பத்தொன்பது நிமிஷம் ஆனது. டேட்டாபேஸ் சமர்த்தாக மாறிவிட்டது. சர்ட்டிஃபிகேட் அனுப்பும் ஸ்கிரிப்டில் மட்டும் பழைய சர்வரின் முகவரியை யாரோ நேரடியாக எழுதி வைத்திருந்தார்கள். அந்த யாரோ நான்தான். அடுத்த வாரம் மூன்று நிமிஷம். அதற்கடுத்து ஐம்பது நொடி.

கிரேயின் கடைசி வருஷங்கள் வானியலாளர்களோடு கழிந்தன. அலெக்ஸ் சாலேயோடு சேர்ந்து, ஒரு பெரிய வான்கணக்கெடுப்பின் டேட்டாவை எல்லாரும் கேள்வி கேட்கக்கூடிய டேட்டாபேஸாக்கினார். 2007 ஜனவரி 11 அன்று, அறிவியலே டேட்டாவிலிருந்து தொடங்கும் காலம் வருகிறது என்று மவுண்டன் வியூவில் ஒரு உரை நிகழ்த்தினார். அதற்குப் பதினேழு நாள் கழித்து, ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை, டெனேஷியஸ் என்ற தன் 40 அடிப் பாய்மரப் படகில் தனியாகக் கிளம்பினார். இறந்துபோன அம்மாவின் அஸ்தியை ஃபாரலோன் தீவுகளுக்கு அருகே கரைக்கத்தான் அந்தப் பயணம். கரையிலிருந்து ஏறத்தாழ 45 கி.மீ. கடல் அமைதியாக இருந்தது. அவர் திரும்பவில்லை. அபாயக் குரல் இல்லை, அவசர ரேடியோ சிக்னலும் வரவில்லை.

கடலோரக் காவல்படை நான்கு நாள் தேடிவிட்டு நிறுத்தியது. நண்பர்கள் நிறுத்தவில்லை. செயற்கைக்கோளை அந்தக் கடல்மேல் திருப்பிப் படம் எடுக்க வைத்தார்கள். நாசா விமானமும் பறந்தது. அந்தப் படங்களைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, அமேசானின் மெக்கானிக்கல் டர்க் தளத்தில் போட்டார்கள். 12,000க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் அவரை நேரில் பார்த்திராதவர்கள், ஒவ்வொரு துண்டிலும் ஒரு வெள்ளைப் படகு தெரிகிறதா என்று வீட்டில் உட்கார்ந்து தேடினார்கள். வானத்துப் படங்களை டேட்டாபேஸில் போட்டு எல்லாருக்கும் திறந்துவிட்டவரை, அதே மாதிரிப் படங்களில் தேடினார்கள். மே மாத இறுதிவரை கடலுக்கு அடியிலும் தேடினார்கள். ஒரு பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

2008 மே 31 அன்று பெர்க்லியில் அவருக்காகக் கூடினார்கள். ஒரு பாதி நினைவஞ்சலி, ஒரு பாதி அவருடைய துறைகளைப் பற்றிய தொழில்நுட்ப அமர்வுகள். சட்டப்படி அவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவித்தது 2012இல், காணாமல் போய் ஐந்து வருஷம் கழிந்த பிறகு.